முதல் நாள் தீர்ப்பு

தமிழ்ப் பத்திரிகைகளின் திரைவிமர்சனத்தில் இசைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரி. கதைக்கு அரைப் பக்கம் போகும். கடைசியில் பாடல்கள் தாளம் போட வைக்கின்றன என்றோ, பின்னணி இசை காதைப் பதம் பார்க்கிறது என்றோ முடிந்துவிடும். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு இடையிசை எப்படியெல்லாம் மாறியது, பேஸ் கிடார் எந்தப் பாட்டில் தனி மெட்டாகவே நடக்கிறது என்று கவனித்துப் பேசியவர்களில் பலர் விமர்சகர்கள் அல்லர், வெறும் ரசிகர்கள். அன்றைய கேசட் உறைகள் பலவற்றில் வாத்தியக்காரர் பெயரே இருக்காது. இளையராஜாவுக்குப் புல்லாங்குழல் வாசித்த அருண்மொழியையும் பேஸ் வாசித்த சசிதரனையும் பெயர் சொல்லிக் கொண்டாடியவர்கள் இந்த ரசிகர்கள்தான். ரஹ்மான் தன் தொகுப்புகளில் கலைஞர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கியதும் இந்தப் பேச்சுக்கு இன்னும் தெம்பு கூடியது.

கருத்துச் சொல்வதற்கு அன்று ஒரு விலையும் இருந்தது. ரெக்கார்டிங் சென்டரில் 60 நிமிடக் கேசட்டைக் கொடுத்தால் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டுதான் பிடிக்கும். காகிதத்தில் பட்டியல் எழுதித் தர வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதில் ஒன்றை அடிக்க வேண்டும். நட்சத்திரக் குறி போடும் இன்றைய எந்த மதிப்பீட்டையும்விட அந்தக் காகிதத்தை நான் நம்புவேன். எதை விட்டுக் கொடுத்து எதைத் தேர்ந்தார்கள் என்பது அதில் இருந்தது.

இப்போது பாட்டு நள்ளிரவில் வந்தால் விடிவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது: ‘வேற லெவல்’, இல்லையென்றால் ‘மொக்கை’. அவசரம் மட்டும் இதன் குறையில்லை. காரணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லாமல் போய்விட்டது. இந்த அவசரத்துக்கு ரசிகர்களே கண்டுபிடித்த மாற்று மருந்துதான் ‘ஸ்லோ பாய்சன்’. ரஹ்மானின் பாட்டு முதல் நாள் சுமாராகத் தெரியும், கேட்கக் கேட்க ஏறும் என்பார்கள். அதில் பாதி உண்மை. அவர் பாடல்களில் ஒலிகள் அடுக்கடுக்காக இருக்கும். பின்னால் ஓடும் கோரஸோ மெல்லிய தந்தி மீட்டலோ ஹெட்போனில் நாலைந்து முறை கேட்ட பிறகுதான் பிடிபடும். ஆனால் முப்பது முறை கேட்டால் எந்த மெட்டும் பழகிப்போகும். பழகியதைத்தான் பிடித்தது என்கிறோமா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இன்னொரு சங்கடமும் உண்டு. முப்பது முறை கேட்கும் பொறுமை, ஏற்கெனவே நம்பும் இசையமைப்பாளருக்குத்தான் கிடைக்கிறது. முதல் படத்துக்கு இசையமைக்கும் ஓர் இளைஞருக்கு ஒரு முறை கிடைப்பதே அதிகம். அவருடைய பாட்டும் ஸ்லோ பாய்சனாக இருந்திருக்கலாம், தெரியவே போவதில்லை.

அணி பிரிந்து சண்டை போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ்.வி.யை உயர்த்த ராஜாவையும், ராஜாவை உயர்த்த ரஹ்மானையும் இறக்கத்தான் வேண்டுமா? ஒரே ராகத்தில் அமைந்த இரண்டு பாட்டைக் கேட்டதும் ‘காப்பி’ என்று கூவுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

திரைப்பாடல் தனியாக நிற்பதற்காகப் பிறந்ததில்லை என்பதை ரசிகர் மறந்துவிடுகிறார். படத்துக்கு முன்பே பாட்டு வந்துவிடுவதால் காட்சியே தெரியாமல் எடை போட வேண்டியிருக்கிறது. 2000இல் வந்த ‘ஹே ராம்’ படத்துக்கு முதலில் எல். சுப்ரமணியம்தான் இசை. அவர் விலகிய பின் பொறுப்பேற்ற இளையராஜா, ஏற்கெனவே படமாக்கிய பாடல் காட்சிகளின் உதட்டசைவுக்குப் பொருந்தும்படி புதிய மெட்டுகளை அமைத்தார். கேசட்டை மட்டும் கேட்டவருக்கு அந்தச் சாதனை தெரிய வழியில்லை. ஆனால் பாட்டைப் படத்திலிருந்து பிரித்துக் கேட்கும் இதே பழக்கம்தான் சில பாடல்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1997இல் ‘இருவர்’ வசூலில் தோற்றது. படத்தோடு பாட்டும் போயிருக்க வேண்டியது, ரசிகர்கள் விடவில்லை. நல்ல ரசனைக்குச் சாட்சி கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். அதற்கு ஒரு வார இறுதி போதவில்லை, ஆண்டுகள் பல ஆயின.

எண்ணிக்கை வந்ததும் ரசனை எங்கோ ஒதுங்கிவிடுகிறது. 2002இல் பிபிசி உலக சேவை தன் எழுபதாம் ஆண்டையொட்டி உலகின் விருப்பப் பாடல்களுக்கு வாக்கெடுப்பு நடத்தியது. ‘தளபதி’யின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ நான்காம் இடம் பிடித்தது. ஐந்தாம் இடமும் தமிழுக்கே: ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’ என்ற ஈழப் பாடல். முதலிடத்தில் அயர்லாந்தின் தேசியப் பாடல் ஒன்று, இரண்டாவதில் ‘வந்தே மாதரம்’. பட்டியலின் மேல்வரிசையைப் பார்த்தாலே அங்கே இசை மட்டும் போட்டியிடவில்லை என்று புரியும். ஊரையும் இனத்தையும் நினைத்து வாக்களித்ததில் தவறு ஒன்றுமில்லை. அதை இசைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு இன்றும் மார்தட்டுவதுதான் வேடிக்கை.

யூடியூப் எண்ணும் அப்படித்தான். ‘மாரி 2’ படத்தின் ‘ரவுடி பேபி’ 2020 நவம்பரில் நூறு கோடி பார்வைகளைத் தாண்டியது. அதில் யுவன் சங்கர் ராஜாவின் தாளத்துக்கு எவ்வளவு, சாய் பல்லவியின் ஆட்டத்துக்கு எவ்வளவு, பிரபுதேவா அமைத்த அசைவுகளுக்கு எவ்வளவு, குழந்தைக்குச் சோறு ஊட்டுவதற்காகத் திரும்பத் திரும்ப ஓட விட்டதற்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் புதுப் பாட்டின் போஸ்டரில் இசையமைப்பாளர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சாவது அந்த எண்தான்.