கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பருக்கு உருவம் கிடையாது. பலிபீடம் போன்ற கல்தான் அங்கே முருகன். வருகிறவர்களில் பலர் அர்ச்சனைத் தட்டோடு ஒரு தாளும் கொண்டுவருகிறார்கள். வாங்கிய கடனைத் தரவில்லை, நகை களவு போச்சு, பங்காளி வரப்பை வெட்டுகிறான் என்று ஊர் பேரோடு எழுதி, சாமி முன் வைத்து வாங்கி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். இதுதான் பிராது. ஊருக்கும் கோயிலுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்துப் படிப்பணம் என்று ஒரு கட்டணம். 90 நாளில் தீர்ப்பு என்று நம்பிக்கை.

மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாதவளுக்கு வாய்தா இல்லாத கோர்ட்டு இது. அரிவாள் தேடும் கைக்குப் பேனா கிடைக்கிறது. 90 நாள் ஆறப்போட்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். காரியம் முடிந்ததும் வந்து ‘ராஜினாமா’ செய்ய வேண்டும். பழைய கோர்ட்டுத் தமிழில் அந்தச் சொல்லுக்குச் சமரசப் பத்திரம் என்று பொருள்.

ஆனால் எதிராளியை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. அவனும் அதே சாமிக்கு மொட்டை போட்டவனாக இருக்கலாம். சாமி என் பக்கம் என்பது எங்கள் சாதியின் பக்கம் என்றாக வெகுநேரம் பிடிக்காது. விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலையில், சாதி மாறி மணந்த முருகேசனையும் கண்ணகியையும் விஷம் ஊற்றிக் கொன்றார்கள். கொன்றது சாதி. அதைத் தடுக்க, சுற்றிலும் இத்தனை கோயில் இருந்தும் பக்திக்குத் தெம்பில்லை. கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது 2021இல். 90 நாளுக்குப் பதில் 18 ஆண்டு.

இதே மாவட்டத்து வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. பசி என்று வந்தவருக்கு இலை உண்டு. என்ன சாதி, எந்த மதம் என்ற கேள்வி இல்லை. அங்கும் வழிபாட்டு இடமான ஞானசபைக்குள் புலால் உண்பவர் நுழையக் கூடாதென்று ஒரு கோடு இருக்கிறது. கருணைக்குப் பேர்போன இடத்திலேயே உள்ளே, வெளியே என்ற பிரிவு வந்துவிட்டதே என்று எனக்குச் சங்கடம்தான். ஆனால் அந்தக் கோட்டை வள்ளலார் பந்திவரை இழுத்துப் போகவில்லை. சாமியிடம் நெருங்கத்தான் நிபந்தனை, சோற்றுக்கு இல்லை. பிராதில் இது தலைகீழ்: சாமியை யாரும் நெருங்கலாம், கேட்பதோ பெரும்பாலும் தனக்கு, தன் வீட்டுக்கு.

முனியப்பர் சன்னதியில் தாள்கள் மடித்துக் கட்டிக் கிடக்கின்றன, படிக்க வழியில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைக்காக யாராவது எழுதிய பிராது அதில் ஒன்றாவது இருக்குமா?