வழக்கேட்டிலிருந்து எழுதப்படும் வாழ்க்கை: டெபோரா மூடியைத் தேடும் முறைகள்

1642 டிசம்பரில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் நகரில் கூடிய காலாண்டு நீதிமன்றம் மூன்று பெண்கள்மீது ஒரே குற்றத்தைப் பதிந்துகொண்டது. கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது கடவுள் இட்ட கட்டளை இல்லை என்று அவர்கள் நம்பினார்கள், அதுதான் குற்றம். மூவரில் ஒருவர் சீமாட்டி டெபோரா மூடி. இன்னொருவர் கிங் என்ற குடும்பப் பெயரோடு மட்டும் அந்த ஏட்டில் நிற்கிறார். மூன்றாமவருக்கு அதுவும் இல்லை; ஜான் டில்டனின் மனைவி, அவ்வளவுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1645 டிசம்பர் 19 அன்று, டச்சுக்காரர்களின் நியூ நெதர்லாந்தில் ஆளுநராக இருந்த வில்லம் கீஃப்ட் ஓர் ஊருக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தார். ஊரின் பெயர் கிரேவ்செண்ட். இன்றைய நியூயார்க்கில் புரூக்ளினின் தென்கோடியில் இருக்கிறது. பட்டயதாரர்களில் முதற்பெயர் டெபோரா மூடியுடையது. அவருடைய மகன் சர் ஹென்றி, ஜார்ஜ் பாக்ஸ்டர், ஜேம்ஸ் ஹப்பர்ட் மூவரும் அவருக்குப் பின்னால்தான் வருகிறார்கள்.

இந்தப் பெண்ணின் வாழ்க்கையை எழுதும் முயற்சி 1880இல் ஜேம்ஸ் ஜெரார்ட் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் நிகழ்த்திய உரையிலிருந்து இன்றுவரை தொடர்கிறது. 1981இல் லிண்டா பீமர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, 1995இல் விக்டர் கூப்பர் எழுதிய முழுநீள நூல், இடையில் ஊர் வரலாறுகள், சிறுவர் நூல்கள், நகராட்சி அறிவிப்புப் பலகைகள். எழுதியவர்கள் வேறானாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்: அதிகாரம் விட்டுச்சென்ற காகிதங்களைப் பொறுக்கி எடுத்து, நடுவிலுள்ள வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பி, ஒரு நாயகியை எழுப்பி நிறுத்துவது. இந்த முறை அவரை மறதியிலிருந்து மீட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் கட்டிய ஊரை அவருடைய நிழலில் மறைத்ததும் இதே முறைதான்.

முதலில் கிடைத்திருப்பவை என்னென்ன என்று பார்க்கலாம். 1586ஐ ஒட்டி, வில்ட்ஷயரின் ஏவ்பரியைச் சேர்ந்த டன்ச் குடும்பத்தில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா டர்ஹம் ஆயர் ஜேம்ஸ் பில்கிங்டன். 1606இல் ஹென்றி மூடியோடு திருமணம். கணவர் பின்னாளில் பாரனெட் பட்டம் பெற்று 1629இல் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1635இல், நட்சத்திர அறை எனப்படும் அரச நீதிமன்றம் விதவையான அவருக்கு ஓர் ஆணை அனுப்பியது. லண்டனில் தங்கியிருந்தது போதும், ஏழை எளியோருக்கு நல்ல எடுத்துக்காட்டாக 40 நாட்களுக்குள் சொந்த ஊர்ப் பண்ணைக்குத் திரும்ப வேண்டும் என்றது ஆணை. அவர் கடல் கடந்தார். 1640இல் மாசசூசெட்ஸ் பொதுச்சபை 400 ஏக்கர் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஸ்வாம்ப்ஸ்காட்டில் ஜான் ஹம்ஃப்ரியின் பண்ணையை 1,100 பவுண்டுக்கு வாங்கினார். பிறகு அந்த 1642 வழக்கு. பிறகு தெற்கே பயணம்.

வரிசையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். நிலம் வாங்கும்போதும் வம்பில் மாட்டும்போதும் மட்டுமே இவர் காகிதத்தில் வருகிறார். திருமண வாழ்வின் 23 ஆண்டுகளிலிருந்து ஏறக்குறைய எதுவும் இல்லை. இரண்டு குழந்தைகளை வளர்த்தார், ஒரு பெரிய வீட்டை நடத்தினார். அமைதியாக நடந்த அந்த ஆண்டுகளை எவரும் எழுதிவைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் ஏட்டில் ஏற வேண்டுமானால் அவர் எதையாவது மீற வேண்டியிருந்தது.

ஆனாலும் குற்றப் பதிவை ஆதாரமாகக் கொள்ளும் முறைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. எதிரி எழுதியதில் புகழ்ச்சி கலக்காது. மூடி ஞானமுள்ள, நெடுநாள் பக்தியுள்ள பெண் என்ற பொருள்பட ஆளுநர் ஜான் வின்த்ரப் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவருடைய கொள்கையை ஏற்காதவர் எழுதியது அது. சேலத்தின் தலைவர்களில் ஒருவரான ஜான் எண்டிகாட் 1644இல் வின்த்ரப்புக்கு எழுதிய கடிதமோ, இவர் ஆபத்தான பெண், தம் தவறை ஒப்புக்கொள்ளாதவரை திரும்பிவர விடக்கூடாது என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு மனிதரின் கனம் தெரிகிறது. யாரும் அவரைத் துரத்தவில்லை. அவரே புறப்பட்டுப் போனார். திரும்பிவரக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோதுகூட ஒரு தலைவர் இன்னொரு தலைவரைக் கடிதம் எழுதி எச்சரிக்க வேண்டியிருந்தது. எந்தப் புகழுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

அவருடைய சொந்தக் குரலும் சற்றுக் கேட்கிறது. ஆளுநரின் மகனான இளைய வின்த்ரப்புக்கு அவர் எழுதிய கடிதம் எஞ்சியிருக்கிறது. பலமுறை எழுதிவிட்டேன், உங்களுக்குக் கிடைத்ததோ என்னவோ. இப்போது அவசரம், விரித்து எழுத நேரமில்லை. எனக்காக வாங்கப்பட்டு உங்களிடம் இருக்கும் பொருட்களை அனுப்பிவையுங்கள், அவை எனக்கு மிகவும் தேவை. சாரம் இதுதான். எழுத்துக்கூட்டலில் ஒழுங்கில்லை, காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து. மதச் சுதந்திரம் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. தமக்காக வாங்கிய பொருட்கள் இன்னும் வந்துசேரவில்லையே என்று கேட்டு எழுதும் ஒரு வீட்டுத்தலைவி அதில் இருக்கிறார். வாழ்க்கை வரலாறுகளில் இந்தக் கடிதத்துக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. நாயகிக்கு வீட்டுக்கவலை பொருந்தாது என்று எண்ணிவிட்டார்கள் போலும். எனக்கு அவர் மிக நெருக்கமாகத் தெரிவது இந்தக் கடிதத்தில்தான்.

குறைகள் தொடங்குவது வெற்றிடத்தை நிரப்பும் இடத்தில். டன்ச் குடும்பத்தில் ஒருவர், பின்னாளில் இங்கிலாந்தின் மன்னராட்சியைக் கவிழ்த்த ஆலிவர் கிராம்வெலின் அத்தையை மணந்திருந்தார் என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டு, சிறுவயதிலேயே விடுதலை வேட்கை அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். அவருக்கு எட்டு வயது இருக்கும்போதே தந்தை வால்டர் டன்ச் இறந்துவிட்டார். கிராம்வெல் அப்போது பிறக்கவேயில்லை.

இதைவிடத் தீவிரமான பிழை பட்டயத்தை வாசிக்கும் முறையில் இருக்கிறது. கிரேவ்செண்ட் பட்டயம் மனச்சான்றின் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. அந்த விதி டெபோரா மூடி போராடிப் பெற்றது என்றும் அமெரிக்க மண்ணில் இதுவே முதல் என்றும் பலர் எழுதுகிறார்கள். அதே கீஃப்ட் அதே ஆண்டு அக்டோபரில், அதாவது இரண்டு மாதம் முன்னதாக, லாங் தீவின் ஃபிளஷிங் ஊருக்குக் கொடுத்த பட்டயத்திலும் இதே வாக்குறுதி இருக்கிறது. மனச்சான்றின் சுதந்திரத்துக்கு இடம்தந்த பிராவிடன்ஸை ராஜர் வில்லியம்ஸ் நிறுவியதோ அதற்கும் முன்னால், 1636இல். கீஃப்டுக்குத் தம் கணக்கு இருந்தது. 1643 பிப்ரவரியில் பவோனியாவிலும் மன்ஹாட்டனிலும் தஞ்சம் புகுந்திருந்த பூர்வகுடிகளை அவருடைய ஆட்கள் இரவோடு இரவாகக் கொன்றதில் மூண்ட போர் குடியேற்றத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயிருந்தது. அவருக்கு ஆட்கள் வேண்டும், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆங்கிலேயராக இருந்தாலும் சரி. மூடியின் குழு வந்தது இந்த நெருக்கடியின் நடுவில். அந்த ஆண்டே அவர்கள் இடம் தாக்கப்பட்டது; அருகிலிருந்த டச்சு ஊருக்கு விலகிப்போய், பிறகு திரும்பினார்கள். மாசசூசெட்ஸிலிருந்து விரட்டப்பட்ட ஆன் ஹட்சின்சன் குடும்பத்தோடு கொல்லப்பட்டதும் அதே 1643இல், இன்றைய பிராங்க்ஸ் பகுதியில்தான். 1645 ஆகஸ்டில் சமாதானம் ஆன பின்னரே பட்டயம் எழுதப்பட்டது. இத்தனையும் கழித்துவிட்டு, ஒரு பெண்ணின் உறுதியால் ஓர் ஊர் எழுந்தது என்று சொல்வது வரலாறாகாது. போர் நடக்கும் இடத்துக்குத் தெரிந்தே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், தாக்கப்பட்ட பிறகும் திரும்பிவந்தார் என்பதே அவருக்குப் போதுமான பெருமை.

ஊரின் வரைபடத்துக்கு வருகிறேன். கிரேவ்செண்டின் அமைப்பு அபூர்வமானது. சுமார் 16 ஏக்கர் சதுரம். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தெரு. அவற்றால் பிரிந்த நான்கு கட்டங்கள். கட்டத்துக்குப் பத்து வீட்டுமனை, நடுவில் பொதுவிடம். சதுரத்துக்கு வெளியே விளைநிலங்கள் சக்கரத்தின் ஆரக்கால்போல் விரிந்தன. எந்த வீட்டுக்காரரும் சதுரத்துக்குள் குடியிருந்துகொண்டே தம் நிலத்துக்குப் போய்வரலாம். ஆபத்து என்றால் எல்லோரும் உள்ளே. இந்த அமைப்பு இன்னும் அழியவில்லை. மெக்டொனால்ட் அவென்யூவும் கிரேவ்செண்ட் நெக் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் பழைய ஊரின் நடு. வில்லேஜ் சாலை வடக்கு, கிழக்கு, தெற்கு என்று மூன்று பக்கமும், நான்காம் பக்கம் வான் சிக்லன் தெருவுமாக எல்லைகள் அப்படியே நிற்கின்றன. தலைக்குமேல் ரயில் பாதை ஓடுகிறது. சுற்றியுள்ள புரூக்ளின் தெருக்கள் வேறு கோணத்தில் ஓட, இந்தச் சிறு சதுரம் மட்டும் திரும்பி நிற்பதை வரைபடத்தில் எவரும் காணலாம். காகிதம் கைவிட்ட இடத்தில் தெருவே ஆவணமாகிறது. நிலத்தையும் சாட்சியாகக் கொண்டதுதான் இந்த ஆய்வு மரபின் மிகச்சிறந்த பங்களிப்பு என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அடுத்த அடியிலேயே சறுக்குகிறார்கள். வரைபடத்தை வரைந்தவர் மூடிதான், அமெரிக்காவின் முதல் பெண் நகரமைப்பாளர் அவர் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லும் ஒரு காகிதமும் கிடையாது. 1638இலேயே நியூ ஹேவன் ஒன்பது சதுரங்களாக அளந்து வகுக்கப்பட்டிருந்தது. திட்டமிட்ட ஊர் அக்காலத்து ஆங்கிலக் குடியேறிகளுக்குப் புதிதில்லை. ஊருக்கு உரிமை பெற்றவர் என்ற முறையில் மனைகளைச் சமமாகப் பிரிக்க மூடி சம்மதித்தார் என்று சொல்லலாம். சீமாட்டி ஒருவர் தம் மனையையும் மற்றவர் மனையையும் ஒரே அளவில் வைத்துக்கொண்டதை எண்ணிப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ‘முதல்’ என்ற பட்டத்தின் இரைச்சலில் அது கேட்பதில்லை.

அமெரிக்காவில் முதலில் வாக்களித்த பெண் என்ற பட்டமும் இப்படித்தான் வந்தது. 1655இல் பாக்ஸ்டரும் ஹப்பர்டும் கிரேவ்செண்டில் ஆங்கிலக் கொடியை ஏற்றி டச்சு ஆட்சியை எதிர்த்தபோது, ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் ஊர் நீதிபதிகளை நியமிப்பதில் மூடியின் சொல்லைக் கேட்டார். அது மிகப்பெரிய செல்வாக்கு. அதை வாக்குரிமை என்று பெயர் மாற்றுவானேன்? 1648இல் மேரிலாந்து சட்டசபையில் மார்கரெட் பிரென்ட் வெளிப்படையாக வாக்குக் கேட்டு மறுக்கப்பட்டார். அந்த மறுப்புக்கு உள்ள வரலாற்று எடையை இந்தப் போலிப் பட்டம் குறைத்துவிடுகிறது.

வீட்டுக் கதை இன்னும் வெளிப்படையானது. கிரேவ்செண்ட் நெக் சாலை 27ஆம் எண் வீடு அவர் வாழ்ந்த வீடு என்று பல காலம் நம்பப்பட்டது. அது 18ஆம் நூற்றாண்டின் வீடு; அவர் 1659 வாக்கில் மறைந்துவிட்டார். 2016இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தபோதும் பெயர் லேடி மூடி வான் சிக்லன் வீடு என்றே நின்றது. அவருக்குக் கல்லறையும் தெரியாது, உருவப்படமும் கிடையாது. எனவே ஏதாவது ஒரு சுவரைத் தொட்டுப் பார்க்க மக்கள் ஆசைப்படுவது புரிகிறது; அதற்காக ஆய்வாளர் அந்த ஆசைக்குத் துணைபோகக் கூடாது.

எனக்கு மிகவும் மனக்குறை தருவது வேறு. நாயகியைச் சுற்றி இருந்தவர்கள் இந்த முறையில் மங்கிப்போகிறார்கள். 1654இல் கிரேவ்செண்ட் ஊரார் கோனி தீவை அதன் பூர்வகுடிகளிடமிருந்து வாங்கினார்கள். விலை: 15 பாகம் நீளமுள்ள சிப்பிமணிச் சரம், 2 துப்பாக்கி, 3 பவுண்டு வெடிமருந்து. வாழ்க்கை வரலாறுகளில் இது நிலம் நியாயமாக வாங்கப்பட்டதற்குச் சான்றாக ஒரு வரியில் கடந்துபோகிறது. பத்தாண்டு முன்பு அந்தக் கரையில் நடந்த படுகொலைகளையும், நிலத்தை விற்பது என்பதற்கு அந்த மக்கள் கொண்டிருந்த பொருளையும் சேர்த்து வாசிக்காமல், இந்தப் பத்திரத்தில் நியாயத்தைக் காண முடியாது. மனச்சான்றின் சுதந்திரம் கிடைத்த மண் யாருடையது என்ற கேள்வி, ஊரை நிறுவியவரின் வாழ்க்கைக்கு வெளியே உள்ளதல்ல.

அந்தப் பெயரில்லாத மூன்றாம் பெண்ணுக்கு வருவோம். அவர் மேரி டில்டன். கணவர் ஜான் டில்டன் கிரேவ்செண்டில் ஊர் எழுத்தராக இருந்தவர். 1658இல், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த பெண் ஒருவரை வீட்டில் தங்க வைத்ததற்காக ஸ்டைவசன்ட் ஆட்சி அவருக்கு அபராதம் விதித்தது. 1662இல், மூடி இறந்த பிறகு, வீடுவீடாகப் போய் மக்களையும் இளம்பெண்களையும் குவேக்கர் வழிக்கு இழுக்கிறார் என்று மேரிமீதே குற்றம் சாட்டி, குடும்பத்தோடு மாகாணத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். சேலத்தில் 20 ஆண்டு முன்பு தொடங்கியது தொடர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பட்டம் ஏதும் இல்லாத இந்தப் பெண் அதே நம்பிக்கைக்கு இரண்டு அரசுகளிடம் விலை கொடுத்தார். மூடிக்கு எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட இவருக்கு எழுதப்படவில்லை.

டச்சு ஊர்களின் ஏடுகள் டச்சு மொழியில் இருக்க, கிரேவ்செண்டின் பழைய ஊர்க் கணக்கேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு இன்று நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மனை மாற்றம், மாட்டுத் தகராறு, வேலி, கடன், உயில் எல்லாம் ஊர்க்காரர் பெயர்களோடு வரிசையாக வரும் ஏடுகள் அவை. மூடியைப் பற்றி இன்னொரு புத்தகம் எழுத நினைப்பவர், அவருடைய பெயர் வரும் பக்கங்களை மட்டும் புரட்டாமல் அந்த ஏடுகளை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும். மேரி டில்டனில் தொடங்கினாலும் நல்லதே.