விலகி நின்றவனின் இடம்

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் கடைசிப் பகுதி. காலியில் மேற்கிந்தியத் தீவு அணியுடன் நம் அணி முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடிக்கொண்டிருந்தது. நான் கற்பிக்கும் பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் இடைவேளைத் தேநீரோடு ஒரு வாக்குவாதமும் சூடாகக் கிளம்பியது. அணியை விட்டு விலகியிருந்த அஞ்சலோ மெத்தியூஸ் மீண்டும் அணியில் இடம்பெற்றிருந்தார். கணிதம் கற்பிக்கும் நண்பர் கோபத்தோடு சொன்னார்: “தரமாட்டோம் என்றதும் கோபித்துக்கொண்டு போனவர். பொடியன்கள் இந்தியாவை வென்று காட்டினார்கள். இப்போது வந்ததும் கதிரையைத் துடைத்துக் கொடுக்க வேண்டுமா, சேர்?”

ஓய்வறையில் பலர் தலையசைத்தனர். எனக்கு வியப்பளித்தது அந்தக் கருத்தன்று. அதைச் சொன்னவர்கள் யார் என்பதுதான். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் நாங்கள் எல்லோரும் பணிக்குத் திரும்பியிருந்தோம். அவ்வாண்டு ஜூலை 12-ஆம் திகதி தொடங்கி ஒக்டோபர் 25 வரை, நூறு நாட்களுக்கும் மேலாக, இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றவர்கள் நாங்கள். இருபத்துநான்கு ஆண்டுகளாகத் தீராத சம்பள முரண்பாட்டைத் தீர்க்குமாறு கேட்டு நின்றோம். “பிள்ளைகளின் படிப்பைப் பணயம் வைக்கிறார்கள்” என்ற ஏச்சை அன்றாடம் கேட்டோம். அந்த ஏச்சு அடங்குவதற்குள் அதே சொற்களை இன்னொருவரை நோக்கி வீசுகிறோம்! நமது மனோபாவத்தில் எங்கோ ஒரு விரிசல் இருக்கிறது. அவ்விரிசலை ஆராயவே இக்கட்டுரை.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2021 மே மாதத்தில் கிரிக்கெட் சபை 24 வீரர்களுக்குப் புதிய ஒப்பந்தங்களை நீட்டியது. ஆட்டத் திறன், உடற்தகுதி, தலைமைப் பண்பு, தொழில்நெறி, எதிர்கால வாய்ப்பு ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு, அப்புள்ளிகளின்படி வீரர்களைத் தரம் பிரித்து, தரத்துக்கேற்ப ஊதியம் வகுத்திருந்தார்கள். மூத்த வீரர் சிலரின் ஊதியம் கணிசமாகக் குறைந்தது. யார் எத்தனை புள்ளி பெற்றார், எவ்வாறு பெற்றார் என்பதை வெளிப்படுத்துங்கள் என்று வீரர்கள் கேட்டனர்; கையொப்பமிட மறுத்தனர். விடைத்தாளைக் காட்டாமல் பெறுபேற்றை மட்டும் சுவரில் ஒட்டிய ஆசிரியரை எந்த மாணவன் நம்புவான்? அவர்கள் கேள்வி நியாயமான கேள்வி.

பின் ஜூலையில் இந்திய அணி வந்தது. அத்தொடருக்கான ஒப்பந்தத்தில் முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் கையொப்பமிட்டனர். மெத்தியூஸ் ஒருவரே விலகினார். சொந்தக் காரணங்கள் என்று அறிவிக்கப்பட்டது. ஓய்வு பெறுவது பற்றி அவர் யோசிப்பதாகவும் பேச்சு எழுந்தது. ஷிகர் தவானின் தலைமையில் வந்த இந்திய அணியை இருபது ஓவர்த் தொடரில் நம் இளைஞர்கள் 2-1 என வென்றார்கள். ஆகஸ்டு முதல் டிசம்பர் வரையிலான ஒப்பந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பின்னர், ஆடத் தயார் என்று அவர் அறிவித்தார். நவம்பரில் காலியில் ஆடினார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் கூடி மறுத்தபோது அது ஒரு கூட்டுக் கோரிக்கை. மற்றவர்கள் கையொப்பமிட்ட பின் ஒருவர் மட்டும் விலகியது அவ்வளவு உயர்ந்த போராட்டமன்று. இதைக் கொண்டு அவரைத் தொழிற்சங்க வீரராக்கிச் சிலை வைக்க நான் முற்படவில்லை. ஆனால் இளைஞர்களின் வெற்றியைச் சுட்டிக்காட்டி, “பார்த்தீர்களா, நீ இல்லாமலே நடக்கிறது” என்று எழுந்த குரலை நான் அஞ்சுகிறேன். அது பழைய குரல். ஒவ்வொரு முதலாளியும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் சொல்லிய குரல். வேலையிலிருந்து நிறுத்திப் பத்துச்சீட்டுக் கொடுத்து லயத்தையும் விட்டு வெளியேற்றிய காலத்தில் நம் மாவட்டத்துத் தோட்டங்களிலும் கேட்ட குரல்.

“கோடியில் புரளும் ஆட்டக்காரனையும் கூலிக்குக் கொழுந்து பறிப்பவளையும் ஒரே தராசில் நிறுக்கலாமா?” என்று முற்போக்கு அன்பர்கள் கேட்கக்கூடும். வாழ்க்கைத் தரத்தில் நிறுக்கவே முடியாது. மெத்தியூஸ் ஓராண்டு ஆடாவிட்டாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் நாம் இங்கு நிறுப்பது வருமானத்தையன்று, ஒரு தத்துவத்தை. தன் உழைப்புக்கு இடப்பட்ட விலையை ஏற்க மறுத்தவன், பின்பு உழைக்க வரும்போது, மறுத்த குற்றத்துக்காகவே தண்டிக்கப்படலாமா? செல்வன் விஷயத்தில் ஆம் என்று கைதட்டினால், ஏழையின் விஷயத்தில் இல்லை என்று சொல்ல நமக்கு நா எழாது. விளையாட்டு மைதானத்தில் பழக்கப்பட்ட நியாயமே பின்பு தொழிற்சாலை வாசலுக்கும் பாடசாலை வாசலுக்கும் வந்து சேர்கிறது.

இந்த மறுப்பு நம் இலக்கியத்துக்குப் புதிதுமன்று. பெருஞ்சித்திரனார் என்ற வறிய புலவரைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. இளவெளிமான் சிறு பரிசில் கொடுத்தபோது அவர் அதைக் கொள்ளவில்லை. அதியமான் நேரில் காணாமலே பரிசில் அனுப்பியபோதும் கொள்ளவில்லை. வீட்டில் பசி இருந்தது. ஆயினும் மதிப்பறியாது அளந்த விலையை அவர் தொடவில்லை. குமணனிடம் சென்று யானை பெற்று, அதைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டுப் போனார். வகுப்பறையில் இப்பாடலை நடத்தும்போது மாணவர்கள் சிரித்து மகிழ்வார்கள். புலவரின் பெருமிதம் என்று நாமும் விளக்கவுரை எழுதுகிறோம். அதே பெருமிதத்தை இன்றைய மனிதன் ஒருவன் காட்டினால் அகந்தை என்கிறோம். செத்துப்போன கலகக்காரர்களைப் போற்றுவதில் நாம் மிகத் தாராளம்.

பெருஞ்சித்திரனார் திரும்பி வந்தது யானையைக் கட்டுவதற்கு; வேலை கேட்டன்று. திரும்பி வந்து வேலை கேட்க வேண்டிய நிலையில் இருந்தவர்களின் கதை வேறு. 1980 ஜூலையை இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு அரசாங்க ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜே. ஆர். ஜயவர்தனாவின் அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. வேலைக்கு வராதவர்கள் தாமாகவே சேவையை விட்டு நீங்கியவர்களாகக் கருதப்பட்டார்கள். ஏறக்குறைய 40,000 பேர். ‘நீக்கினோம்’ என்று அரசாங்கம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘நீங்கியவர்கள்’ என்றது. பிறவினையைத் தன்வினையாக்கினால் நாற்பதாயிரம் குடும்பங்களின் சோற்றைப் பறித்த கை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். இலக்கணம் வெறும் பரீட்சைப் பாடம் என்று சலித்துக்கொள்ளும் என் மாணவர்களுக்கு இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன்.

அவர்களுள் ஒரு பகுதியினர் காலம் கடந்து வேலை பெற்றனர். பலர் பெறவேயில்லை. எங்கள் ஊர் நாலந்தாவின் கெடிகே என்னும் கற்கோயில், போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காக 1975-இல் கல்கல்லாகப் பிரிக்கப்பட்டு, 1980-இல் மேட்டில் மீண்டும் கட்டி நிறுத்தப்பட்டது. அவ்வழியே நடக்கும்போதெல்லாம் அந்த ஆண்டு என் நினைவில் உறுத்தும். கற்களை அவற்றின் இடத்தில் திரும்ப வைக்க இந்நாட்டில் ஆள் இருந்தது.

மறுவருடமே அமெரிக்காவில் றீகன், வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் பதினோராயிரம் பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினார். அந்நாட்டின் உயர் நீதிமன்றம் 1938-இல் மக்கே வானொலி நிறுவன வழக்கில் சொன்ன கருத்து நம் விவாதத்துக்கு மிக நெருங்கியது. வேலைநிறுத்தம் செய்தவனைத் தண்டிக்கலாகாது. ஆனால் அவன் இடத்தில் அமர்த்திய புதியவனை எழுப்பிவிடவும் முதலாளி கடமைப்பட்டவனல்லன் என்றது அது. கேட்பதற்கு எவ்வளவு நடுநிலை! தண்டிக்கவில்லை, இடம் மட்டும் இல்லை.

ஆனாலும் இங்கே என் நண்பரின் கேள்வியில் நியாயமான ஒரு பங்கு இருக்கிறது. அதைத் தட்டிக் கழிப்பது நேர்மையாகாது. இடையில் வந்து நின்றவனும் உழைப்பாளிதானே? அவன் செய்த குற்றம் என்ன?

2009-இல் மேற்கிந்தியத் தீவுகளின் முதல்நிலை வீரர்கள் ஊதியப் பிணக்கினால் வங்காளதேசத்துக்கு எதிராக ஆட மறுத்தார்கள். சபை வேறோர் அணியைத் திரட்டியது. பத்தாண்டுகளாக டெஸ்ட் ஆடாத ஃபுளொய்ட் ரீஃபர் தலைவரானார். அணி இரு போட்டிகளிலும் தோற்றது. அவ்வாண்டு இறுதியில் அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற அணிக்குக் கிறிஸ் கெயில் மீண்டும் தலைவர். ரீஃபர் அதன்பின் டெஸ்ட் போட்டியில் தோன்றவேயில்லை. ஆனால் அந்தத் திரட்டிய அணியில் கெமர் ரோச் என்ற இளைஞரும் இருந்தார். இரண்டு போட்டிகளில் 13 விக்கெட்டுகள் வீழ்த்தினார். மூத்தவர்கள் திரும்பிய பின்னும் அவர் நிலைத்தார். பின்னர் அந்நாட்டின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களுள் ஒருவரானார். ரீஃபரை நினைத்து நான் வருந்துகிறேன். ஒரு சபை தன் பிடிவாதத்துக்கு அவரைக் கேடயமாகப் பிடித்தது. தேவை தீர்ந்ததும் கேடயத்தை மூலையில் போட்டது. அந்தக் கணக்கைத் திரும்பி வந்தவர்களின் பெயரில் எழுதுவது தவறு. சபையின் பெயரில் எழுத வேண்டும். கெரி பெக்கரின் பந்தயங்களுக்குப் போனவர்கள் 1979-இல் திரும்பியபோதும் இதுவே நடந்தது. இடைக்காலத்தில் அவுஸ்திரேலியாவின் சுமையைத் தாங்கித் தோற்ற கிம் ஹியூஸை விட்டு, தலைமை மீண்டும் கிரெக் சப்பலிடம் சென்றது.

ஆகவே என் தீர்ப்பு இது. துடுப்பாட்ட அணியில் இடங்கள் பதினொன்று. அங்கே எவருக்கும் நிரந்தர உரித்து இல்லை. விலகிச் சென்றவனுக்கும் இல்லை, வந்து நின்றவனுக்கும் இல்லை. திரும்பி வருபவனுக்கு உரியது, மற்றவர்களோடு சமமாக நின்று தெரிவுக்குழுவின் முன் தன் திறனைக் காட்டும் இடம். அங்கே அவன் மறுத்ததை ஒரு குறையாக எண்ணக் கூடாது. பெருமையாகவும் எண்ண வேண்டியதில்லை. பாடசாலைக்கும் ரயில் பாதைக்கும் இவ்விதி பொருந்தாது. அங்கே ஒரு வேலைக்கு ஒரு ஆள் என்ற பந்தயம் இல்லை. அவன் வேலை அவனுக்குத் திரும்பவே வேண்டும்.

அமெரிக்கப் பந்தாட்டத்தில் முன்வரிசைக் காவலன் என்றொரு பணி உண்டு. பந்தைத் தொடுவது அவன் வேலையன்று. பந்தை எறிபவன் மீது பாய்ந்து வருவோரைத் தன் உடம்பால் தடுப்பதே அவன் வேலை. ட்ரெண்ட் வில்லியம்ஸ் அத்தகையவர். தன் தலையில் இருந்த புற்றுநோய்க் கட்டியைக் கழகத்து மருத்துவர்கள் சரிவரக் கவனிக்கவில்லை என்று சினந்து, 2019-இல் வாஷிங்டன் அணிக்கு ஆட மறுத்தார். ஒக்டோபர் இறுதியில் திரும்பினார், தலைக்கவசம் பொருந்தவில்லை என்று முறையிட்டார், அவ்வாண்டு ஆடவேயில்லை. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அணிக்கு மாற்றப்பட்டார். அதே மனிதர் 2024-இல் அங்கே ஊதியத்துக்காகப் பயிற்சியை மறுத்து நின்றார், ஒப்பந்தம் திருத்தப்பட்டது, முதற் போட்டியிலேயே தம் பழைய இடத்தில் நின்றார். ஒரே மனிதன், ஒரே தொழில், ஒரே மறுப்பு. முடிவு மட்டும் இரண்டு. இரண்டாவது அணிக்கு அவர் தேவைப்பட்டார் என்பதைத் தவிர வேறு நீதி எதுவும் அங்கு வேலை செய்ததாக எனக்குத் தெரியவில்லை. தேவைப்படும் பலசாலிக்கு மட்டும் கதவு திறக்கும் இந்த முறையைத்தான் நாம் ‘தொழில் தர்மம்’ என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் சபையின் கதையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. அதே 2021-இல் இங்கிலாந்து சென்றிருந்தபோது தொற்றுக்காலக் கட்டுப்பாட்டை மீறி டர்ஹாமில் இரவில் வெளியே சுற்றிய மூவருக்குச் சர்வதேசப் போட்டிகளில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அத்தடை முன்கூட்டியே நீக்கப்பட்டது. நீக்கியதை நான் குறை சொல்லவில்லை. இளைஞர்களை மன்னிப்பது நல்லது. விதியை மீறியவர்களுக்கு இரங்கிய மனம், விலையைக் கேள்வி கேட்டவர்மீது மட்டும் ஏன் இறுகுகிறது? எங்கள் ஓய்வறையில் அம்மூவர் பற்றி அன்று யாரும் கதிரைக் கேள்வி எழுப்பவில்லை.

மெத்தியூஸ் பின்னர் எப்படி ஆடினார் என்பதை இவ்வாதத்துக்குச் சாட்சியாக இழுப்பதில் எனக்கு விருப்பமில்லை. 2022 மே மாதம் சட்டோகிராமில் 199 ஓட்டங்களும் அடுத்த போட்டியில் டாக்காவில் ஆட்டமிழக்காமல் 145 ஓட்டங்களும் எடுத்தார். அதே ஜூலையில் நூறாவது டெஸ்டை ஆடினார். 2025 ஜூனில், தாம் முதன்முதல் ஆடிய அதே காலி மைதானத்தில், டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அவர் இரண்டு முறை பூச்சியத்தில் ஆட்டமிழந்திருந்தாலும் திரும்பி வந்து நிற்கும் உரிமை அவருக்கு இருந்தது. அதன்பின் நீக்கியிருந்தால் ஆட்டத்துக்காக நீக்கியிருப்பார்கள்.

அவர் 199-இல் ஆட்டமிழந்த செய்தி வந்தபோது கணித நண்பர் ஒரு ஓட்டத்துக்காக மிகவும் வருந்தினார். கதிரையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கிளறவில்லை. அந்த வாரத்தில் மாத்தளைக்குப் போகும் பஸ்ஸுக்கு டீசல் கிடைக்குமா என்பதே எங்கள் இருவருக்கும் பெரிய கவலையாக இருந்தது. வரவு செலவுத் திட்டத்தில் ஆசிரியர் சம்பள முரண்பாட்டுக்கென ஒதுக்கிய 30 பில்லியன் ரூபாவில் எங்கள் கைக்கு வந்த பங்கை விலைவாசி அதற்குள் தின்று முடித்திருந்தது.