ஊக்கி மருந்தும் மாதச் சுழற்சியும்

செம்புக் கம்பியின் மின்தடை வெப்பநிலையோடு மாறும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அறை வெப்பநிலைக்கு அருகில், ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் தடை சுமார் 0.4 விழுக்காடு கூடுகிறது. இதை அளக்கப் புகுந்த மாணவர் ஒருவர், "செம்பின் தடை நிலையாக நிற்கவில்லை. ஆகவே மாங்கனின் கம்பியை மட்டும் அளந்து, அந்த விடையையே செம்புக்கும் எழுதிவிட்டேன்" என்று பதிவேட்டை நீட்டினால் மதிப்பெண் கிடைக்குமா?

மருந்துகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இதே முறை பல பத்தாண்டுகள் மதிப்பெண் வாங்கி வந்திருக்கிறது. பெண் எலியின் பாலின ஹார்மோன்கள் நான்கைந்து நாட்களுக்கு ஒரு சுற்றாக ஏறி இறங்குகின்றன. அதனால் அளவீடுகள் சிதறும் என்று கூறி, ஆண் எலிகளையே சோதித்தார்கள். 2009-இல் வெளியான விலங்கு ஆய்வுகளை அன்னலீஸ் பீரி, இர்விங் சுக்கர் என்ற இருவர் எண்ணிப் பார்த்தனர். நரம்பியல் துறையில், பெண் விலங்கை மட்டும் சோதித்த ஆய்வு ஒன்றுக்கு, ஆண் விலங்கை மட்டும் சோதித்தவை 5.5 என்ற விகிதத்தில் இருந்தன. மனிதரிலும் கதை இதுவே. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம், கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துச் சோதனைகளின் முதற்கட்டங்களிலிருந்து விலக்கி வைக்குமாறு 1977-இல் வழிகாட்டியது. கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடாது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் மருந்து விற்பனைக்கு வந்தபின் அதை விழுங்குபவர்களில் பெண்களும் உண்டல்லவா? அந்த விலக்கு 1993-இல்தான் நீக்கப்பட்டது.

இதனால் என்ன இழந்தோம் என்பதை ஊக்கி மருந்துகள் நன்றாகக் காட்டுகின்றன. ஆம்ஃபெட்டமின் மூளையின் நரம்புச் செல்லுக்குள் புகுந்து, அங்குச் சேமித்து வைத்த டோபமினை வெளியே தள்ளுகிறது. விழிப்பும் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் பெரிதும் அதனால் வருபவை. சூலகம் நீக்கப்பட்ட பெண் எலியில் இந்த டோபமின் வெளியேற்றம் குறைவதையும், ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனான எஸ்ட்ராடையாலைக் கொடுத்தால் மீண்டும் உயர்வதையும் ஜில் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். சிதறல் என்று ஒதுக்கப்பட்டதற்குள் ஒரு விதி இருந்தது.

பெண்களிடம் இதைச் சோதித்த ஓர் ஆய்வைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1999-இல் ஏஞ்சலா ஜஸ்டிஸ், ஹாரியட் டி விட் ஆகியோர் வெளியிட்டது. பதினாறு ஆரோக்கியமான பெண்கள் பங்கேற்றனர். மாதச் சுழற்சியின் முற்பகுதியிலும் பிற்பகுதியிலும், 15 மில்லிகிராம் ஆம்ஃபெட்டமினை ஒரு முறையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையை ஒரு முறையும் உட்கொண்டு, தாம் உணர்ந்ததை மதிப்பிட்டனர். முற்பகுதியில் ஈஸ்ட்ரோஜன் தனித்து ஏறுகிறது. பிற்பகுதியில் புரோஜெஸ்ட்ரானும் உடன் நிற்கிறது. மருந்து ஒன்று, அளவு ஒன்று, ஆளும் ஒருவரே. ஆயினும் முற்பகுதியில் களிப்பும் ஊக்கமும் மிகுதியாக இருந்தன. அப்போது எஸ்ட்ராடையால் யாரிடம் அதிகமோ அவரிடம் மருந்தின் விளைவும் அதிகம். பிற்பகுதியில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை.

ஒவ்வொரு பெண்ணையும் அவருடனேயே ஒப்பிட்டதுதான் இந்த ஆய்வின் பலம் என்பேன். இயற்பியல் சோதனைச் சாலையில் நாம் விரும்பும் ஒழுங்கு அது. ஆனால் குறைகளும் உண்டு. பதினாறு பேர் என்பது சிறிய எண். மாதம் முழுவதும் ஏறி இறங்கும் ஒன்றை இரண்டே புள்ளிகளில் அளந்தால் வளைகோடு கிடைக்காது. மேலும், இரண்டு ஒன்றாக உயர்வதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. இதை அவர்களே உணர்ந்திருக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜனை வெளியிலிருந்து கொடுத்துச் சோதித்து 2000-இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டனர். சில மதிப்பீடுகள் உயர்ந்தன; எல்லாம் உயரவில்லை. எனவே "ஈஸ்ட்ரோஜன் கூடினால் போதை கூடும்" என்று ஒரே வரியில் எழுதுபவர்களை நம்பாதீர்கள். புரோஜெஸ்ட்ரானுக்கும் இதில் பங்குண்டு. கொக்கேயின் பழக்கமுள்ளவர்களுக்கு அதைக் கொடுத்தபோது, பெண்களிடம் அந்தப் போதையின் இன்ப உணர்வு மட்டுப்பட்டது, ஆண்களிடம் மட்டுப்படவில்லை என்று சூசெட் எவான்ஸ், ரிச்சர்ட் ஃபோல்டின் ஆகியோர் 2006-இல் எழுதினர்.

ஹார்மோன்கள் மூளையோடு நின்றுவிடுவதும் இல்லை. நாம் நாள்தோறும் அருந்தும் ஊக்கியான காஃபினையே எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்ணின் உடலில் காஃபின் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகிறது. அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் வேகத்தை அம்மாத்திரையிலுள்ள ஹார்மோன்கள் குறைத்துவிடுவதே காரணம். மாலையில் குடித்த காப்பி இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது இவருக்கு இன்னும் எளிது.

"அப்படியானால் பெண்ணின் உடல் நம்பத்தகாதது என்பது உண்மைதானே?" என்று சிலர் கேட்கக்கூடும். மாணவியரே, இதை உங்களிடமும் யாரேனும் கேட்பார்கள். விடை எண்களில் இருக்கிறது. 2014-இல் பிரெண்டர்காஸ்ட், ஓனிஷி, சுக்கர் ஆகியோர் சுண்டெலிகளைப் பற்றிய 293 கட்டுரைகளைத் திரட்டி, அளவீடுகளின் சிதறலை ஒப்பிட்டனர். சுழற்சியின் எந்தக் கட்டம் என்று பாராமல் அளந்தும்கூட, பெண் எலிகளின் அளவீடுகள் ஆண்களுடையவற்றை விட அதிகமாகச் சிதறவில்லை. ஆண் உடலும் அசையாத் தராசு அன்று. டெஸ்டோஸ்டிரான் காலையில் உயர்ந்து மாலையில் இறங்குகிறது. அதற்காக ஆண்களை யாரும் சோதனையிலிருந்து விலக்கியதாகத் தெரியவில்லை!

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், நிதி கேட்கும் ஆய்வாளர்கள் பாலினத்தையும் ஒரு மாறியாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற விதியை 2016-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. நல்ல தொடக்கம். ஆயினும் சுழற்சியின் கட்டத்தைக் குறிக்க வேண்டும் என்று அவ்விதி கட்டாயப்படுத்தவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு, முற்பகுதியையும் பிற்பகுதியையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், 1999-இல் அந்தப் பதினாறு பேரிடம் தெரிந்த வேறுபாடு அட்டவணையில் ஏறாமலே போய்விடும்.