ஏலத்துக்கு முன்னே விலை வருமா? சுதர்சனின் டேக்கியான் வாதம் பற்றி ஒரு குறிப்பு

ஒளியை விட வேகமாகப் போகும் துகள் உண்டா என்று கேட்டால், நம்ம பக்கம் ஒரு ரெடிமேட் பதில் கிடைக்கும்: சென்னையில் படித்த சுதர்சன் 1962-லேயே ஐன்ஸ்டைன் சொன்னது தப்புன்னு காட்டிட்டார் என்பது. கேட்கப் பெருமையாத்தான் இருக்கு. ஆனால் அவர் அப்படி எதையும் காட்டவில்லை. சார்பியலை முழுசாக ஏற்றுக்கொண்டுதான் அவர் வாதத்தையே தொடங்கினார். அந்த வாதத்தை வரிவரியாகப் படித்தால் ஒரு பாதி கச்சிதமாக இருக்கு, இன்னொரு பாதி காரணகாரியம் என்ற இடத்தில் வந்து தடுக்குது. எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

கோட்டயத்தில் பிறந்த இ. சி. ஜி. சுதர்சன் தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். பின்னாளில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 1962-ல் பிலானியுக், தேஷ்பாண்டே இருவரோடும் சேர்ந்து அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் இதழில் 'மெட்டா ரிலேட்டிவிட்டி' என்ற கட்டுரையை வெளியிட்டார். 'டேக்கியான்' என்ற பெயர் அதில் கிடையாது. அதை 1967-ல் வைத்தவர் ஜெரால்டு ஃபைன்பர்க்.

முதலில் கச்சிதமான பாதி. ஒரு துகளை முடுக்கி ஒளிவேகத்தைத் தாண்ட வைக்க முடியாது, அதற்கு முடிவில்லாத ஆற்றல் வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த தடை. சுதர்சன் கேட்டது வேறு: பிறக்கும்போதே அந்த வேகத்தில் பிறந்தால்? இமயமலையை யாரும் ஏறித் தாண்ட முடியாது என்பதால் அதற்கு வடக்கே மனிதர்களே இல்லை என்று சொல்ல முடியுமா, அவர்கள் அங்கேயே பிறந்தவர்கள் இல்லையா என்பது அவர் தந்த உவமை. ஒளித்துகள் ஒளிவேகத்திலேயே பிறக்குதே, அதை யாரும் முடுக்கவில்லையே. டேக்கியானின் 'ஓய்வுநிலை நிறை' கற்பனை எண்ணாக வருதே என்றால், அது ஒருபோதும் ஓய்வில் நிற்காது, ஆகவே அந்த நிறையை யாரும் அளக்கப் போவதில்லை. இது சாமர்த்தியப் பேச்சு இல்லை, சரியான பதில். "முடுக்க முடியாது, ஆகவே இல்லை" என்ற வாதம் இதோடு முடிந்தது.

சிக்கல் அடுத்த பாதியில். எங்க ஊர்க் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். திண்டிவனம் கமிட்டியில் மணிலா ஏலம் முடிந்து விலை படியுது. அந்த விலையை, ஒளியைப் போல 4 மடங்கு வேகமுள்ள டேக்கியான்களால் கிழக்கே பெருமுக்கல் மலைக்கு அனுப்புகிறார்கள். கணக்குக்காக தூரத்தை 15 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒளிக்கு 50 மைக்ரோ விநாடி ஆகும், டேக்கியானுக்கு 12.5. இப்போது ஒரு வண்டி, ஒளிவேகத்தில் பாதி வேகத்தில், அதே திசையில் போகுது. அந்த வண்டிக்காரரின் கடிகாரப்படி என்ன நடக்குது? சார்பியல் சூத்திரத்தில் போட்டால் விலை பெருமுக்கல் சேர்வது, திண்டிவனத்தை விட்டுக் கிளம்புவதற்கு 14.4 மைக்ரோ விநாடி முன்னாடி. சேர்ந்த பிறகு கிளம்புது!

இதற்கு சுதர்சன் தந்த விடைதான் மறுவிளக்கக் கொள்கை. வண்டிக்காரருக்கு நேர வரிசை புரளும் அதே கட்டத்தில் டேக்கியானின் ஆற்றலும் எதிர்க்குறியாக மாறுது. ரெண்டையும் புரட்டுவது ஒரே பெருக்கல் காரணி. ஆக, எதிர் ஆற்றலோடு பின்னோக்கிய காலத்தில் திண்டிவனத்திலிருந்து பெருமுக்கலுக்குப் போகும் துகளும், நேர் ஆற்றலோடு முன்னோக்கிய காலத்தில் பெருமுக்கலிலிருந்து திண்டிவனத்துக்குப் போகும் துகளும் ஒன்றேதான். வண்டிக்காரர் ரெண்டாவது மாதிரி பார்க்கிறார். அனுப்பியவர் யார், வாங்கியவர் யார் என்பது பார்ப்பவரைப் பொறுத்தது, 'முன்', 'பின்' மாதிரியே. கணக்கில் ஒரு முரணும் இல்லை.

ஒரே ஒரு துகள் என்றால் நானும் ஒத்துக்குவேன். ஆனால் ஆயிரம் துகள்கள் சேர்ந்து ஒரு விலையைச் சொல்லுதே, அப்போ? வண்டிக்காரரின் கணக்குப்படி, பெருமுக்கல் மலையிலுள்ள கருவி யாரும் தொடாமல் தானாகத் துகள்களை உமிழுது. அந்த உமிழ்வு, இன்னும் படியாத விலையை எழுத்துப் பிசகாமல் சொல்லுது. அப்புறம் அவை திண்டிவனம் போய்ச் சேரும்போது ஏலத்திலும் அதே விலை படியுது. இதைத் தற்செயல் என்பதா? விலையைத் தீர்மானித்தது மூட்டையைப் பிரித்துப் பார்த்து ஏலம் கேட்ட வியாபாரிகள். எந்த வண்டியில் உட்கார்ந்து பார்த்தாலும் அது மாறாது. துகளின் திசையை மறுவிளக்கம் செய்யலாம். செய்தியின் பிறப்பிடத்தை எப்படிச் செய்வது? பென்ஃபோர்டு, புக், நியூகோம்ப் மூவரும் 1970-ல் எழுதிய கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

இன்னும் மோசமானது திரும்பி வரும் வழி. பெருமுக்கலைக் கடக்கும் நொடியில் வண்டிக்காரர் அந்த விலையை வாங்கி, தன் கணக்கில் 4 மடங்கு ஒளிவேகமுள்ள டேக்கியானால் திண்டிவனத்துக்கே திருப்பி அனுப்புகிறார். தரையில் நிற்பவர் கணக்கில் போகும் நேரம் 12.5, திரும்பும் நேரம் கழித்தல் 14.3. கூட்டிப் பாருங்க: அனுப்புவதற்கு 1.8 மைக்ரோ விநாடி முன்னாடியே பதில் வந்துடும். அது என்ன பெரிய நேரம் என்று தோணும். இதே கணக்கை 4 ஒளியாண்டு தூரத்துக்குப் போட்டால் சுமார் 52 நாள். விலை மட்டம் என்று 52 நாள் முன்பே தெரிந்த விவசாயி மூட்டையைக் கொண்டுவரவே மாட்டார். ஏலம் இல்லை, விலை இல்லை. அப்புறம் பதிலில் வந்த விலை எது?

ஆகவே மூன்றில் ஒன்றை விட்டாக வேண்டும். டேக்கியானால் நினைத்தபோது செய்தி அனுப்பலாம் என்பது ஒன்று. எல்லா சீர்வேக வண்டிகளும் சமம் என்ற சார்பியல் கொள்கை இன்னொன்று. காரணம் முன்னே, காரியம் பின்னே என்பது மூன்றாவது. இதில் சார்பியலை விட்டால், ஏதோ ஒரு 'தலைமை' வண்டியின் கடிகாரப்படிதான் டேக்கியான் எப்போதும் முன்னே போகும் என்று விதி வைக்கலாம், சுழல் வராது. ஆனால் சுதர்சன் காப்பாற்ற நினைத்ததே சார்பியலைத்தான். அவர் வழியில் நின்றால் விட வேண்டியது செய்தியை: உமிழ்வு நம்ம கையில் இல்லை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். தர்க்கப்படி இதற்கு இடம் உண்டு. ஆனால் விலை பெரிசு. விருப்பப்படி ஒரு மூலத்தைத் திறந்து மூடினாலே அது செய்திதான். அதுவும் கூடாது என்றால், வானத்திலிருந்து தானாக வருவதை எண்ணலாமே தவிர ஆய்வகத்தில் உண்டாக்கிச் சோதிக்க முடியாது.

குவாண்டம் புலக் கோட்பாடு இன்னொரு அடி கொடுத்தது. கற்பனை நிறையுள்ள புலத்தில் ஓரிடத்தில் ஒரு தட்டு தட்டினால், அந்த அலையின் முன்விளிம்பு ஒளிவேகத்தைத் தாண்டுவதே இல்லை. 1969-ல் அஹரனோவ், கோமர், சஸ்கிண்ட் மூவரும் இதைக் காட்டினார்கள். கற்பனை நிறை சொல்வது வேகத்தை இல்லை, நிலையின்மையை. பெருமுக்கல் உச்சியில் நுனியில் நிற்கும் பாறை போல அந்தப் புலம். லேசாக அசைந்தாலும் உருண்டு தாழ்ந்த நிலையில் போய் நிற்கும். ஹிக்ஸ் புலத்தின் கதையும் இந்த வகைதான். இன்றைய கட்டுரைகளில் 'டேக்கியான்' என்ற சொல் வந்தால் பெரும்பாலும் அர்த்தம் இதுதான். பெயர் தங்கியது, வேகம் போய்விட்டது.

சோதனைகளும் கைகொடுக்கவில்லை. 2011 செப்டம்பரில் ஓபரா குழு, 730 கி.மீ. பயணத்தில் நியூட்ரினோக்கள் ஒளியை விட 60 நானோ விநாடி முந்தியதாக அறிவித்தது. கடைசியில் சரியாகப் பொருத்தாத கண்ணாடியிழை கேபிள்தான் முக்கியக் காரணம். அதே விகிதம் உண்மையாக இருந்திருந்தால், 1987-ல் பார்த்த சூப்பர்நோவாவின் நியூட்ரினோக்கள் அதன் ஒளிக்கு 4 வருஷம் முன்பே வந்திருக்கணும். வந்தது சுமார் 3 மணி நேரம் முன்னாடி, அதுவும் ஒளி நட்சத்திரத்தின் உள்ளிருந்து வெளியே வரத் தாமதமானதால்.

அப்போ சுதர்சன் வீணாகக் கேட்டாரா? இல்லை. 1957-ல் மார்ஷாக்கோடு சேர்ந்து வலுவிலா விசையின் வடிவத்தைச் சரியாகச் சொன்ன ஆள் அவர். டேக்கியானிலும் அவர் செய்தது பெரிய வேலை: சார்பியல் தடுப்பது எது, நாம் தடுப்பதாக நினைத்துக்கொண்டது எது என்று பிரித்துக் காட்டினார். வேகத்துக்குப் போட்ட பூட்டு உண்மையில் செய்திக்குப் போட்ட பூட்டு என்று பிறகு தெளிவானது, அவர் கிளப்பிய விவாதத்தால்தான். ஐன்ஸ்டைனைத் தோற்கடித்தவர் என்று சொல்வதை விட இது எனக்குப் பெரிய பாராட்டாகப் படுது. அந்த 1962 கட்டுரை கல்லூரி இயற்பியல் தெரிந்த யாரும் படிக்கக்கூடியது. கிடைத்தால் படிச்சுப் பாருங்க, கையில் ஒரு பேனாவோடு.