முற்றத்து வகுப்பும் சான்றிதழ் வகுப்பும்

கிழக்கிலங்கைக் கரையிலுள்ள அட்டாளைச்சேனையை வாத்திமார் ஊர் என்றே சொல்லிவிடலாம். 1940-களின் தொடக்கத்தில் முஸ்லிம் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கலாசாலை இங்கேதான் வந்தது. பிறகு தேசிய கல்விக் கல்லூரியும் வந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்டபோது அதற்கு இடம் கொடுத்ததும் இந்த ஊர்தான். அடுத்த ஆண்டு அது முழுப் பல்கலைக்கழகமாகி, ஒலுவிலில் நிலைகொண்டது. கடற்கரைப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் நுழைந்தால் நாலு வீட்டுக்கு ஒரு சேராவது இருப்பார், பென்சன் எடுத்தவர் இன்னொருவர் இருப்பார்.

இப்படிப்பட்ட ஊரில் 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. வயது போனவர்கள் கைபேசியைத் தூக்கிக்கொண்டு பேரப்பிள்ளையைத் தேடி அலைந்தார்கள். அடுத்த ஆண்டு அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசும வந்தது. விண்ணப்பம், மேன்முறையீடு, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொரு படியிலும் யாராவது ஒருவர் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் பெரும்பாலானோர் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்கள் அல்லர். பாடசாலைக்குப் போனவர்கள்தான். பாடசாலையை விட்டபின் அவர்களுக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுக்க நாற்பது வருடமாக யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

இலங்கையின் வளர்ந்தோர் கல்விக்கு இது ஓர் அடிப்படைச் சிக்கல். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வி ஊர் ஊராகப் பாடசாலையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி எழுத்தறிவு 95 சதவீதத்துக்கு மேல். இந்தியாவில் 2011இல் அது 74 சதவீதம், தமிழ்நாட்டில் 80. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, நமக்கு முதியோர் வகுப்பு எதற்கு என்று அரசாங்கம் நினைத்ததில் வியப்பில்லை. வலயக் கல்வி அலுவலகங்களில் முறைசாராக் கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தையல், கேக் செய்தல், மனையியல் என்று வகுப்புகள் நடக்கின்றன, இடைவிலகிய பிள்ளைகளையும் அது கவனிக்கிறது. ஆனால் கல்வித் துறைக்குள் அது கடைசி அறை.

அதன் இடத்தை நிரப்பியது சான்றிதழ். இந்தக் கரையில் முப்பது வயதுக்கு மேல் ஒருவர் படிக்கிறார் என்றால் பெரும்பாலும் வெளிவாரிப் பட்டம், டிப்ளோமா, ஆங்கிலக் கோஸ், கணினிக் கோஸ். சனி, ஞாயிறுகளில் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் படிப்பது பதவி உயர்வுக்கும் சம்பளப் படிநிலைக்கும். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்று வளர்த்துவிட்டுப் பட்டம் வாங்கிய ராத்தாமார் எத்தனையோ பேருக்கு அந்த வெளிவாரிப் பரீட்சைதான் கதவு திறந்தது. தேசிய தொழில் தகைமை முறையில், பாடசாலையைப் பாதியில் விட்ட மேசன்கூட, கைவேலையைக் காட்டி மதிப்பீடு செய்வித்துச் சான்றிதழ் எடுக்கலாம். இந்தியாவிலும் இப்போது இந்த வழி இருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றிலும் படிப்பவர்தான் வாசல் தேடிப் போக வேண்டும். போகத் தெரியாதவரும் போக முடியாதவரும் கணக்கிலேயே வருவதில்லை.

இந்தியாவில் கதை தலைகீழ். அங்கே பாடசாலை கோடிக்கணக்கானவர்களைத் தவறவிட்டது, ஆகவே அவர்களைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் மக்கள் அறிவியல் அமைப்பான சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஆயிரக்கணக்கான தொண்டர்களை இறக்கின. திண்ணையிலும் முற்றத்திலும் படகுத்துறையிலும் வகுப்பு. தொடங்கியபின்தான் ஒன்று தெரியவந்தது: பலர் எழுத்தைக் கற்க முடியாமல் தவித்ததற்குக் காரணம் மந்த புத்தி அல்ல, பார்வைக் குறைவு. பொதுமக்களிடம் கேட்டுப் பழைய மூக்குக் கண்ணாடிகளைப் பல்லாயிரக்கணக்கில் திரட்டினார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால் இது யாருக்கும் தோன்றியிருக்காது.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறைத் திடலில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தவர் முதலமைச்சரோ ஆளுநரோ அல்லர்; மலப்புறம் மாவட்டத்துச் சேலக்கோடன் ஆயிஷா, அந்த இயக்கத்தில்தான் எழுத்துக் கற்றவர். ஒரு மாப்பிளா முஸ்லிம் உம்மா மேடையேறி ஒரு மாநிலத்தின் சார்பில் பேசினார். நமது கரையில் அப்படியொரு மேடையை நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டில் அதே காலத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. புதுக்கோட்டையைத்தான் எல்லாரும் சொல்வார்கள், சொல்ல வேண்டியதும் அதுவே. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஊர் இளைஞர்கள் எல்லாரும் சேர்ந்த வேலை. கலாஜாதா என்று பாட்டும் வீதி நாடகமும் ஊருக்குள் போய் ஆட்களைக் கூட்டும், பொழுதுபட்டபின் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. கல்குவாரியில் கல் உடைக்கும் பெண்கள், வயல் கூலிகள், தலித் பெண்கள்தான் மாணவர்கள். அதோடு நின்றிருந்தால் இன்னொரு திட்டமாகப் போயிருக்கும். அங்கே சைக்கிளும் பாடமானது. பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள், வாங்குவதற்கு வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்கள். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை இருத்தலாம் என்பது அவர்களுக்கு இன்னும் வசதி. தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பாடசாலையில் விட ஆண் துணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்றானது. ஊரில் கேலி பேசியவர்கள் இருந்தார்கள், பெண்கள் மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள். சில கல்குவாரிகளைப் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுக்கும் நிலையும் வந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதியபின் இந்தியா முழுதும் தெரிந்தது. நெல்லை அறிவொளியில் வேலை செய்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தன் அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்று நூலாக்கினார். தொண்டர்களும் எவ்வளவு கற்றார்கள் என்று அறிய விரும்புவோர் தேடிப் படிக்கலாம்.

அதன் குறையையும் சொல்ல வேண்டும். இயக்கம் என்பது அலை. அடித்து ஓய்ந்தபின் ‘வளர்கல்வி’ என்ற பெயரில் தொடரவிருந்தது பல மாவட்டங்களில் தளர்ந்து போனது. ஆட்சியர் மாறினார், தொண்டர் வேலை தேடிப் போனார், கற்ற எழுத்து மறந்தது. 2011இல் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 சதவீதமளவில்தான் நின்றது. கேரளம் மட்டும் அதை நிறுவனமாக்கிக்கொண்டது: மாநில எழுத்தறிவு இயக்க ஆணையம் நாலாம், ஏழாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமமான பரீட்சைகளை இன்றும் நடத்துகிறது. 2018இல் 96 வயதுக் கார்த்தியாயனி அம்மா அதன் எழுத்தறிவுப் பரீட்சையில் நூற்றுக்கு 98 எடுத்தார். நாட்டின் பெண்களுக்கான உயர் விருது அவருக்குக் கிடைத்தது.

தேடிப் போகும் வேலை நமது அம்பாறை மாவட்டத்திலும் ஒருமுறை நடந்தது. 1980-களின் தொடக்கத்தில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளைக் கமக்காரர்களோடு தங்கவைத்தன. தண்ணீரைப் பங்கிடக் குழு சேர்வதை அவர்கள் கமக்காரர்களோடு பேசிப் பேசியே உருவாக்கினார்கள். நீர்ச் சண்டை குறைந்தது, கடைக்கோடி வயலுக்கும் தண்ணீர் போனது. ஆனால் அந்தப் பட்டதாரிகள் நிரந்தர ஆசிரியர் நியமனம் கிடைக்கக் கிடைக்கக் கழன்று போனார்கள். இலங்கையில் எந்த நல்ல வேலையையும் அரச நியமனம் ஒன்று கூட்டிக்கொண்டு போய்விடும். நமது நோய் இது.

இந்தக் கரைக்கென்று ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் கல்வியோடு சேர்த்துப் பார்த்ததில்லை. இங்கே வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மா பின்வளவில் ஒரு வீட்டைப் போட்டுக்கொள்வார், மாப்பிள்ளைதான் வந்து சேர்கிறார். ஆகவே ஒரே ஒழுங்கையில் மூத்தம்மா, உம்மா, சாச்சி, ராத்தா, தங்கச்சி எல்லாரும் ஆயுள் முழுக்கக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். கலியாணம் முடித்து ஊர் மாறிப் போவதால் கலைந்துபோகாத வகுப்பு இது. தமிழ்நாட்டு அறிவொளிக்கு இப்படியொன்று வாய்க்கவில்லை.

பழக்கமும் புதிதல்ல. பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் வீட்டு விறாந்தையில் வைத்து ஓதிக்கொடுத்த பெண்கள் இந்த ஊர்களில் எப்போதும் இருந்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் போலவே இங்கும் அறபுத்தமிழ்க் கிதாபுகள் வீடுகளில் வாசிக்கப்பட்டன. இன்று பெண்களுக்கான மார்க்க வகுப்புகள் நிறைந்து வழிகின்றன. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் புறப்படுமுன் கட்டாயப் பயிற்சி பெறுகிறார்கள். அதுவும் வளர்ந்தோர் கல்விதான். ஆனால் அவர்கள் திரும்பி வந்தபின், அனுப்பிய பணத்தை என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்க நானறிய ஒரு வகுப்புமில்லை.

கேரளத்தையோ புதுக்கோட்டையையோ அப்படியே பெயர்க்கச் சொல்லவில்லை. நமக்கு எழுத்து வகுப்பு பெரிதாகத் தேவையுமில்லை. தேவைப்படுவது விண்ணப்பம் நிரப்ப, வங்கி அட்டையைப் பாவிக்க, மருந்துச் சீட்டு வாசிக்க, கைபேசியில் வரும் மோசடியை இனங்காண ஒழுங்கைக்குள்ளேயே வரும் ஒரு மணித்தியாலம். ஆளுக்குக் குறைவில்லை. பென்சன் எடுத்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கல்விக் கல்லூரியில் பயிலுநர்கள் இருக்கிறார்கள், ஒலுவிலில் மாணவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பிரதேச சபை நூலகங்களும் சேர்ந்தால் செலவுமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: சான்றிதழ் வைக்காதீர்கள். வைத்த அன்றே அது இளைஞர்களின் கோஸாகிவிடும், மூத்தம்மா வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வருகிற நோன்புக்கு முன் ஒரு ஒழுங்கையில் தொடங்கிப் பாருங்கள், போகும்போது நாலு மூக்குக் கண்ணாடியும் கொண்டுபோங்கள்.