தமிழின் முதல் அச்சுச் சமய நூல்கள்: சேகரிப்பும் வாசிப்பும்

தமிழில் முதலில் அச்சேறியவை கத்தோலிக்க மறைக்கல்வி நூல்கள். 1554இல் லிஸ்பனில் வெளிவந்த ‘கார்த்தில்யா’ தமிழை ரோமன் எழுத்தில் தந்தது. அண்டிறிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 16 பக்கங்களில் அச்சானது. அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, பின்னர் ‘அடியார் வரலாறு’ ஆகியவை வந்தன. இந்நூல்கள் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் பல ‘முதல்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றன. அரிய நூல் சந்தையின் மதிப்பீட்டை ஆய்வும் கடன் வாங்கிக்கொண்டதன் விளைவு இது.

தம்பிரான் வணக்கத்தின் அறியப்பட்ட ஒரே படி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. கிரிசித்தியானி வணக்கத்தைப் பாரீசிலும் அடியார் வரலாற்றை வத்திக்கானிலும் கண்டு தமிழுலகுக்குத் தெரிவித்தவர் தனிநாயகம் அடிகள். எல்லாப் படிகளும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பதைத் தமிழரின் அலட்சியம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மைகூட இல்லை. தம்பிரான் வணக்கம் கையில் வைத்துச் செபம் படிக்க அச்சிட்ட சிறு நூல். முத்துக்குளித்துறைப் பரதவர் அச்சுப் பணிக்கு 400 குருசாதோ நன்கொடை வழங்கினர். அவர்கள் கைக்குப் போன படிகள் உப்புக்காற்றிலும் கரையானிலும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயன்பாட்டிலும் அழிந்தன. யாரும் படிக்காமல் வைத்திருந்த படிகளே மிஞ்சின. சேகரிப்பாளர் போற்றும் அரிய படி பெரும்பாலும் வாசகரைச் சென்றடையாத படிதான்.

அப்படிகள் மிஞ்சியதால் கிடைத்த பயனும் சிறிதல்ல. தம்பிரான் வணக்கத்தில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படவில்லை. ஓலையில் எழுதும் பழக்கம் அச்சுக்குள் அப்படியே வந்ததற்கு இதுவே நேரடிச் சான்று. கடைசிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் செய்த எழுத்துருவும் 1578இல் கொல்லத்தில் செய்த எழுத்துருவும் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. ஓராண்டுக்குள் அச்சு வார்ப்பில் ஏற்பட்ட திருத்தத்தை அந்த ஒரு பக்கம் காட்டுகிறது. புள்ளியிட்டுச் சீர்செய்த மறுபதிப்பில் இதில் எதுவும் தெரியாது. 1960களில் இராசமாணிக்கம் சே.ச. தூத்துக்குடியிலிருந்து இந்நூல்களைப் பதிப்பித்தார். மூலப் படியை வாங்க எவர் எவ்வளவு செலவிட்டிருந்தாலும், தமிழ் மாணவருக்கு இப்பதிப்புகளால் விளைந்த நன்மை அதைவிடப் பெரிது.

தரங்கம்பாடி அச்சகத்தில் சீகன்பால்கு 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டின் கதை வேறு. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருந்த, சரபோஜி மன்னரின் கையொப்பம் கொண்ட படி 2005இல் காணாமல் போனது. அது லண்டனில் இருப்பதைக் கண்டறிந்ததாகத் தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022இல் அறிவித்தது. அதே பதிப்பின் பிற படிகள் ஐரோப்பிய நூலகங்களில் உள்ளன. ஆகவே வாசகம் தொலையவில்லை. தொலைந்தது அந்தப் படியின் பிறப்பிட வரலாறு. ஒரு மராட்டிய இந்து மன்னர் லூத்தரன் வேதநூலில் தம் பெயரை எழுதித் தம் நூலகத்தில் வைத்துக்கொண்டார் என்பதைத் தஞ்சை அலமாரியில் இருந்தவரை அது தானே சொன்னது. ஏலப் பட்டியலில் அதே கையொப்பம் விலையைக் கூட்டும் ஓர் அடையாளம், அவ்வளவுதான்.

‘முதல்’ என்ற அளவுகோலின் இன்னொரு கேடு, பிற்காலத்து மலிவுப் பதிப்புகளை அது மறைத்துவிடுவது. இந்தியர் அச்சகம் நடத்த இருந்த தடை 1835இல் நீங்கிய பின் தல புராணங்கள், பதிகங்கள், அரபுத்தமிழ் நூல்கள், அம்மன் சிந்துகள் எனச் சிறு நூல்கள் பெருகின. தரமற்ற தாளும் மெல்லிய அட்டையும் கொண்ட இவற்றை நூலகங்கள் நெடுங்காலம் நூலாகவே மதிக்கவில்லை. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா செட்டியார் இவற்றையும் நாடகத் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும் வேறுபாடின்றிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. ஆனால் நூல்கள் கடல் கடக்கவில்லை. சென்னையில் அவர் பெயரிலேயே இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில் இன்றும் எவரும் அவற்றைக் கேட்டுப் படிக்கலாம்.